வத்தல் குடோனுக்கு மேலே ஒரு மனோதத்துவம்

முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் கேட்டிருக்கிறேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், என்னுடைய டுடோரியலின் மாடி ஹாலில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.

கரும்பலகைக்கு முன்னால் வைத்தி சார் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். மகனைப் படிக்கவைக்கப் பட்டினி கிடந்த ஒரு விதவைத் தாயின் கதை. மகன் பட்டணத்தில் பெரிய உத்தியோகஸ்தன் ஆகிவிடுகிறான். தாயைப் பார்க்க வருவதில்லை. கடைசியில் அவளே சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு நடந்தே போகிறாள். வாசலில் காவல்காரன் தடுக்கிறான். மகன் மாடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். தாய் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்புகிறாள்.

பொட்டலம் வாசலுக்கு வருவதற்குள் தெருப் பக்கத்துப் பெஞ்சுகள் மொத்தமும் அழுதுகொண்டிருந்தன. சட்டைக் காலரில் கண்ணைத் துடைத்தார்கள், தாவணியில் துடைத்தார்கள். பக்கத்தில் இருந்தவன் சட்டையில் துடைத்தவனும் உண்டு. எதிர்ப்புறம், காயல் தண்ணீரைப் பார்த்த பக்கத்துப் பெஞ்சுகள் மட்டும் சும்மா இருந்தன.

வைத்தி சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அண்ணாச்சி, பாத்தேளா? இவா எல்லாம் காதால் கத்துக்கற கூட்டம். மனசு மெழுகாக்கும்."

நான் மெழுகைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், அழுகிற பெஞ்சுகளுக்கு நடுவில், கண்ணில் பொட்டு ஈரம் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். கோமதி.

நாலாம் வகுப்பு பிரின்சிபால்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டீக் கிளாஸ் கழுவியவன் எப்படி ஐயா பள்ளிக்கூடம் நடத்தினாய் என்று. அவருக்குப் பொறாமை. பரவாயில்லை, சொல்கிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, பஜார் ரோட்டில் குடோன் குடோனாக டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு பழைய பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கி விற்றேன். அந்த வியாபாரத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. பாஸான பையன் புத்தகத்தை விற்கிறான். பெயிலான பையன் திரும்ப வாங்குகிறான். ஆக, ஊரில் எனக்கு வேண்டியவன் பெயிலானவன். இந்தக் கணக்கைப் போட எந்த காலேஜும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்ற பிள்ளைகளைச் சேர்த்து, மறுபரீட்சைக்குத் தயார் பண்ணுகிற டுடோரியல்கள் அப்போது கேரளம் முழுக்க முளைத்துக்கொண்டிருந்தன. அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிற பி.ஏ.க்களும் பி.எஸ்ஸி.க்களும் தெருவுக்குப் பத்து பேர் இருந்தார்கள். பெயிலானவர்களுக்குப் பாடம் சொல்ல வேலையில்லாதவர்கள். இரண்டு பேரையும் ஒரே மாடியில் ஏற்றினேன். என் உயரத்துக்கு மேல் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: சுடலைமுத்து டுடோரியல்ஸ். எம்.ஏ. படித்தவன்கூட மாதம் பிறந்தால் என் மேசை முன்னால்தான் வந்து நின்றான்.

அந்த மாடி சல்லிசாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கீழே வத்தல் குடோன்.

வத்தல் என்றால் சிவப்பு மிளகாய் வத்தல். குஜராத்தி சேட்டு ஒருவருடையது. வியாழக்கிழமைதோறும் ஆந்திராவிலிருந்து லாரி வந்து மூட்டை இறங்கும். பழைய காலத்துக் கட்டடம். மாடித் தரை பலகை. ஒரு காலத்தில் மூட்டையைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவதற்காகத் தெருப் பக்கமாகத் தரையில் ஒரு சதுர ஓட்டை போட்டு, பலகைக் கதவு வைத்து மூடியிருந்தார்கள். மூடினால் மட்டும் நெடி நின்றுவிடுமா? காயல் பக்கத்து ஜன்னல் வழியாகக் காற்று வரும். வந்து, நெடியை அப்படியே தள்ளிக்கொண்டு போய்த் தெருப் பக்கத்துப் பெஞ்சுகளில் சேர்க்கும்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கே, வாசலில் நின்றபோதே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நல்ல வேடிக்கை ஒன்று ஓசியில் நடக்கும்போது பாதியில் நிறுத்துகிறவன் நான் இல்லை.

உன்னை நீயே தெரிந்துகொள்

வைத்தி சாரை நானாகக் கூப்பிடவில்லை. தோப்பும்படியில் எனக்குப் போட்டியாக ஒருவன் டுடோரியல் வைத்திருந்தான். அவன் திடீரென்று போர்டில் 'மனோதத்துவ முறைப்படி' என்று ஒரு வரி சேர்த்தான். அந்த ஒரு வரிக்கு என்னிடமிருந்து ஒரு பெஞ்சு பிள்ளைகள் எழுந்து அங்கே போய்விட்டார்கள். மனோதத்துவம் என்றால் என்னவென்று போனவர்களுக்கும் தெரியாது, கூட்டிக்கொண்டு போன அப்பன்மாருக்கும் தெரியாது. தெரியாத வார்த்தைக்குத்தான் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

நான் சும்மா இருப்பேனா? எறணாகுளத்தில் விசாரித்து, மனோதத்துவத்திலேயே எம்.ஏ. வாங்கிய ஆளைப் பிடித்தேன். பாலக்காட்டுத் தமிழர், திருப்பூணித்துறையில் வீடு. பஸ்ஸில் எறணாகுளம் வந்து, அங்கிருந்து போட் ஏறி மட்டாஞ்சேரி ஜெட்டியில், அதாவது படகுத்துறையில் இறங்குவார். அவருக்கு ஒழிந்த நாள் வியாழக்கிழமை.

வந்த முதல் நாளே சுவரில் ஒரு துணியை மாட்டினார்: 'உன்னை நீயே தெரிந்துகொள்'. அதன்கீழ் நின்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுபாவம் உண்டு, ஒருவன் கண்ணால் கற்பான், ஒருவன் காதால் கற்பான், ஒருவன் கையால் கற்பான், தான் எந்த வகை என்று அறிந்துகொண்டவன் பரீட்சையில் தோற்கவே மாட்டான் என்றார். என் வாத்தியார்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவரும் தன்னை அறிந்தவர் இல்லை. அறிந்திருந்தால் என்னிடம் ஏன் வேலைக்கு வருகிறார்கள்?

பிறகு கேள்விகள் கேட்டார். தனியாகப் படிக்கப் பிடிக்குமா, சேர்ந்து படிக்கப் பிடிக்குமா?

அந்தோணி என்று ஒரு பையன். கணக்கில் மூன்று தரம் தோற்றவன், வாயில் ஒருதரமும் தோற்காதவன். எழுந்து நின்றான். "சாரே, தனியா படிக்கணும்னா வீட்ல பாக்கி உள்ள ஒம்பது பேரை எவிட நிறுத்தறது?"

அவனுக்கு 'கூட்டத்தை நாடும் சுபாவம்' என்று எழுதினார் சார்.

மலை பிடிக்குமா, கடல் பிடிக்குமா? எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கடலைத்தான் பார்க்கிறார்கள், அதன் நாற்றத்தோடு. அதனால் பாதிப் பேர் மலை என்றார்கள். மலை என்றவர்களுக்குக் கற்பனை வளம் அதிகமாம். கண்ணால் பார்க்காத ஒன்றைக் கேட்டால் கிடைக்கிற பதில் ஆசையா சுபாவமா என்று எனக்குத் தெரியும், நாலாம் வகுப்புக்கே தெரியும். எம்.ஏ.வுக்குத் தெரியவில்லை.

இப்போது மட்டும் என்ன திருந்திவிட்டது? காக்கநாட்டில் என் பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் கலர் கலராக ஒரு தாள் வந்தது. உங்கள் பிள்ளை கண்ணால் கற்கும் வகை என்று. அவன் கண் நாள் முழுக்க எதன் மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல ஒரு தாள், அந்தத் தாளைக் கொடுக்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு அவன் அப்பன் அரை நாள் லீவு.

சரி, மாடிக்கு வருகிறேன்.

கண் பரீட்சைக்கு ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் காட்டி மறைத்துவிட்டு, பார்த்ததை எழுதச் சொன்னார். பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வீடு, மரம், மரத்தடியில் தாத்தா, வாசலில் கோலம் போடுகிற அம்மா, ஓடுகிற நாய். கோமதி ஒரே வரி எழுதினாள்: ஒரு வீடு, ஒரு மரம், ஆள் இல்லை.

காது பரீட்சைதான் அந்தத் தாயின் கதை. அழாத காயல் பக்கத்துப் பிள்ளைகளைச் சார் கண் வகையில் சேர்த்துவிட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் அழுதபோது கோமதி அழவில்லை.

கண்ணும் இல்லை, காதும் இல்லை. மிச்சம் என்ன? கை.

இடக்கொச்சி மாமன்

கோமதியின் அம்மா இசக்கியம்மாள் கீழே அதே குடோனில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவள். புருஷன் இல்லை. தம்பி மாரியப்பன் வீட்டில் இருந்தாள். மாரியப்பனுக்கு இடக்கொச்சியில் இறால் உரிக்கிற ஷெட்டில் மேஸ்திரி வேலை. பெண்களைச் சேர்த்துக் கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் உட்காரவைப்பது அவன் தொழில். அக்காள் மகள் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்ற அன்றைக்கே அவளுக்கும் ஒரு இடம் பார்த்துவைத்துவிட்டான். இசக்கியம்மாள்தான் காலில் விழாத குறையாக, இன்னொரு தடவை எழுதட்டும் என்று என்னிடம் சேர்த்தாள். செப்டம்பர் பரீட்சை. அதற்கு விண்ணப்பம் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுபாவத்தைப் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும் என்று வைத்தி சார் பிடிவாதம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டோம். இசக்கியம்மாள் வரவில்லை. வீட்டில் ஆம்பிளை இருக்கும்போது அவள் எதற்கு என்று மாரியப்பனே வந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

சார் சொன்னார்: "குட்டி நல்ல குட்டிதான். ஆனா மனசு இளகற சுபாவம் இல்லை கேட்டேளா. புஸ்தகப் படிப்பு ஏறாது. கையால் கத்துக்கற வகை. விரல் வேலை எதிலயாவது சேத்தா பிரகாசிப்பா."

மாரியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, "அந்தத் தாளை எனக்குத் தாங்க சார்" என்றான்.

வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"பாத்தீயளா அண்ணாச்சி. நான் அப்பவே சொன்னேன், விரலு நல்லா ஓடும்னு. திங்கக்கிழமையிலருந்து ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த இடத்தில் எனக்கு வேடிக்கை தீர்ந்துபோனது.

"மாரியப்பா, அது கண்ணீரும் இல்ல, கதையும் இல்ல. வத்தல் நெடி. உன் அக்கா மக அந்த வத்தல்லயே வளந்தவ. அவளுக்கு எப்படிவே கண்ணு எரியும்?" என்றேன்.

அவன் சிரித்தான். "நீங்க நாலாங்கிளாஸ் அண்ணாச்சி. அவரு எம்.ஏ."

என் மாடியில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

வைத்தி சாரிடமும் சொன்னேன். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். "நெடின்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கணும் அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் ஆகலையே."

எப்படி ஆகும்? அவர் மேசை காயல் பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்தது. ராஜா மாதிரிக் காற்று வாங்கிக்கொண்டு கதை சொன்ன மனிதர்.

கீழே போனேன். இசக்கியம்மாள் வத்தல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

"எம்மவளுக்கு மனசு இளகாதாம்ல அண்ணாச்சி" என்றாள், காம்பு கிள்ளுவதை நிறுத்தாமல். "பொறந்த பிள்ளையை இந்தச் சாக்கு மேலதான் போட்டுவச்சு வேலை பாத்தேன். அன்னைக்கு அழுத அழுகைக்கு இந்த ஜென்மத்துக்கு அவளுக்குக் கண்ணீரு மிச்சம் இருக்குமா? அதை அந்த சார்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னா நம்ப மாட்டாரு. காட்டணும்" என்றேன். "உன் தம்பிய வியாழக்கிழமை வரைக்கும் நிறுத்தி வை. பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லு."

இரண்டாம் வியாழன்

இதிலிருந்து என் மூளையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வைத்தி சாரிடம் போய், சார், உங்கள் கதையைப் பெற்றோரும் ஒருதரம் கேட்க வேண்டும், பிள்ளைகள் அழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வியாழக்கிழமையே வைத்துக்கொள்வோம் என்றேன். அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சபைக்கு நடுவில் நின்று சொன்னால்தான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, அவர் மேசையைத் தூக்கித் தெருப் பக்கம், அந்தப் பலகைக் கதவுக்கு ஒட்டிப் போட்டேன். அதற்கு எதிரே கைவைத்த நாற்காலி ஒன்று. அது மாரியப்பனுக்கு. 'முக்கிய விருந்தாளி' என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினேன். விருந்தாளி என்றால் அவன் இடக்கொச்சியிலிருந்து முழங்காலால் நடந்தும் வருவான்.

பிறகு கீழே சேட்டிடம், "சேட்ஜி, இன்னைக்கு லோடை மூணு மணிக்கு எறக்கச் சொல்லுங்க, அந்தப் பலகைக் கதவையும் கொஞ்சம் திறந்துவைக்கேன்" என்றேன்.

"எதுக்கு?"

"படிப்பு விஷயம்."

படிப்பு என்றால் சேட்டு மேற்கொண்டு கேட்க மாட்டார். அவரும் என்னைப் போலத்தான்.

மூன்று மணிக்குக் கதை ஆரம்பித்தது. விதவைத் தாய் பட்டினி கிடந்தாள். கீழே முதல் மூட்டை தொப்பென்று விழுந்தது. பலகை இடுக்கில் சிவப்பாக ஒரு தூசி எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது. மகன் பட்டணத்துக்குப் போனான். மூட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. மாரியப்பன் இரண்டு தரம் செருமினான். துண்டை எடுத்து மூக்கில் வைத்தான்.

தாய் சோற்றுப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் வைத்தி சாரின் குரல் கம்மியது. முதலில் பெற்றோர்கள் அதை நடிப்பு என்று நினைத்துத் தலையாட்டினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் தேய்த்தார். வத்தல் நெடி கண்ணுக்கு வந்த நேரத்தில் கையால் தேய்ப்பவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. அவர் வாயைத் திறந்தார், இருமல் வந்தது, தாய் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

பின் பெஞ்சிலிருந்து அந்தோணி: "சாரினு மனசு வல்லாதெ இளகிப் போயி."

சாருக்கு மனசு ரொம்பத்தான் இளகிவிட்டதாம். ஹாலே சிரித்தது. சிரித்தவர்கள் வாய்க்குள் நெடி போய் அவர்களும் இருமினார்கள். அழாதவர், இருமாதவர் என்று தெருப் பக்கத்தில் ஒருத்திதான்.

"கதையைப் பாதியில விடக் கூடாது. கோமதி, மீதிய நீ சொல்லு" என்றேன்.

அவள் எழுந்தாள். ஒல்லியான பெண். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கடைக்குப் போய் வந்த கணக்கை ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள்.

"அந்த அம்மை சோறு கட்டிட்டு நடந்து போறா. சார் போன தடவை சொன்னப்போ அவளுக்குக் காலு வய்யாதுன்னு சொன்னாங்க. அப்புறம் நாள் முழுக்க நடந்தான்னு சொன்னாங்க. அது எப்படின்னு எனிக்குத் தெரியல, ஆனா கதையில அப்படித்தான். காவல்காரன் தடுக்கறான். மகன் மாடியில நின்னு பார்த்திட்டு உள்ள போயிடறான். அவ பொட்டலத்தை அங்கயே வச்சிட்டுத் திரும்பிப் போறா. அவ்வளவுதான் கதை."

உட்காரப் போனவள், என்ன நினைத்தாளோ, மறுபடி நிமிர்ந்தாள்.

"அவ பொட்டலத்தை வச்சிட்டுப் போனது தப்பு. நடந்த பசிக்கு அவளே தின்னிருக்கலாம்."

பெற்றோர் வரிசையில் ஒரு கிழவி, "சரியாத்தான் சொல்லுதா" என்றாள்.

அழுதவர்கள் ஒருவருக்கும் அந்தக் கதையில் கால் வலி வந்து போனது ஞாபகம் இல்லை. கேட்டுப் பார்த்தேன். மூக்கைச் சிந்துகிறவனுக்குக் கதை எங்கே காதில் விழும்? தெருப் பக்கத்தில் காது திறந்திருந்தது அவளுக்கு மட்டும்தான்.

நெடியா, மனசா

நான் மாரியப்பன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். துண்டு முழுக்க நனைந்திருந்தது. கண் இரண்டும் பழுத்த வத்தல் மாதிரி.

"என்ன மாரியப்பா, அழுத?"

"அழல அண்ணாச்சி."

"வெக்கப்படாதவே. கதை கேட்டு மனசு இளகிட்டு, அவ்வளவுதான. சார் உனக்கும் ஒரு தாளு எழுதித் தருவாரு. காதால் கத்துக்கிடுத ஆளு. நாளைக்கே இங்க பெஞ்சில உக்காந்திரு, எஸ்.எஸ்.எல்.சி. எழுதவைக்கேன்."

ஹால் சிரித்தது. அவன் ஷெட்டில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் பெற்றோர் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். மாரியப்பன் அவர்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். மேஸ்திரி அழுதான் என்று இடக்கொச்சிக்குச் செய்தி போனால் அப்புறம் அந்த ஐஸ் தண்ணீரில் யாரை மிரட்டுவான்?

"இது மனசு இல்ல" என்றான். "வத்தல் நெடி."

"சத்தமாச் சொல்லு."

"வத்தல் நெடின்னு சொன்னேம்லா."

நான் திரும்பினேன். "சார், உங்களுக்கு?"

வைத்தி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதை எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் இருந்தது. "எனக்கும் அதேதான் அண்ணாச்சி" என்றார்.

"அப்ப போன வியாழக்கிழமை பிள்ளைகளுக்கு?"

அவர் மாரியப்பனிடம் வந்து கையை நீட்டினார். மாரியப்பன் புரியாதவன் மாதிரி இருந்தான். சார் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். சார் அதை நாலாகக் கிழித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"இந்த ஒரு தடவைதான். தோத்தா ஷெட்டுதான்" என்றான் மாரியப்பன். படி இறங்கும்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். கீழே இசக்கியம்மாள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தம்பி கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னல, யாரு செத்தா?" என்று கேட்டாளாம். அந்தோணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வைத்தி சாரை ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். போட் தூரத்தில் தெரிந்தபோது, "அண்ணாச்சி, அந்தப் படத்துல நிஜமாவே ஆள் யாரும் இல்லை" என்றார். "தாத்தா, அம்மா, நாய் எல்லாம் மத்த குட்டிகள் சேத்துண்டது. பக்கம் பக்கமா எழுதியிருக்காளேன்னு அவாளுக்கு நான் மார்க் போட்டேன்."

அதைக் கண்டுபிடிக்க எம்.ஏ.வுக்கு இரண்டு வியாழக்கிழமை ஆயிற்று. நான் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. போட் வந்துவிட்டது.

அவர் பிறகு என்னிடம் வரவில்லை. தோப்பும்படிக்காரன் கூப்பிட்டுக்கொண்டான். அங்கே கீழே பாத்திரக்கடை. அங்கே அவர் கதையைக் கேட்டு ஒரு பிள்ளையும் அழவில்லை என்று கேள்வி.

பந்த் அன்று

கோமதியை நான் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. விண்ணப்பம் போயிற்று. அதே தெருப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணக்கு அவளுக்கு லேசில் ஏறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். காதில் விழச் சொல்லிப் பார்த்தோம், போர்டில் எழுதிப் பார்த்தோம், புளியங்கொட்டையை அடுக்கிப் பார்த்தோம். ஒன்றிலும் ஏறாமல், பிறகு ஒருநாள் ஏறியது. எந்த வழியாக ஏறியது என்று என் வாத்தியார்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஏறிற்றா, இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

ரிசல்ட் வந்த நாளை மறக்க மாட்டேன். அன்று பந்த். பஸ் இல்லை, போட் இல்லை, பஜார் ரோட்டில் ஒரு கை வண்டி கிடையாது. மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் கொடி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குடோன் பூட்டியிருந்தது. வருஷத்தில் அந்த மாதிரி நாட்களில்தான் என் மாடியில் வெறும் காற்று வீசும். காயலின் உப்பு வாசனைகூடத் தெரியும்.

எந்தப் பிள்ளையும் வராது என்று நானும் மேசைமேல் காலை நீட்டியிருந்தேன். பேப்பர் எப்படியோ வந்துவிட்டது, பாஸானவர்களின் நம்பர்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். மாடிப்படியில் சத்தம் கேட்டது.

கோமதி. மாரியப்பன் அவளை இரண்டு நாளுக்கு முன்பே இடக்கொச்சி ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அங்கேயே தங்கவைத்திருந்தான், ரிசல்ட் எப்படியும் தோல்விதான் என்று. அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கால் முழுக்கப் புழுதி. விரல் நுனி எல்லாம் ஐஸ் தண்ணீரில் வெளுத்து, இறால் முள் கிழித்த கோடுகள். கையில் யாரோ கடை வாசலில் கிழித்துக் கொடுத்த பேப்பர்த் துண்டு.

என் எதிரே வந்து நின்றாள். சிரிக்கவில்லை. துண்டை மேசைமேல் வைத்து, அவள் நம்பர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியும், நான் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவள் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பழக்கமில்லாதவள், துடைக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"என்ன பிள்ள, கீழ குடோன் திறந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள். "பூட்டிக் கிடக்கு."